மறு உத்தரவு வரும் வரை

லிஃப்ட் ஆய்வுத் துறையின் தலைமை ஆய்வாளர் ராஜினாமா செய்து பதினோரு நாளாகிவிட்டது. ஆனாலும் மனிதர் தினமும் அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வராமல் என்ன செய்வார்? பொறுப்பை வாங்கிக்கொள்ள இன்னொருவர் வந்து பட்டியலில் கையெழுத்துப் போடும்வரை, கொடுக்கிறவர் நாற்காலியை விட்டு நகரக் கூடாது என்று அந்தத் துறையில் ஒரு விதி உண்டு. ராஜினாமாவை அரசு ஏற்றுக்கொண்ட நிமிஷமே ஆணை போடும் அதிகாரம் போய்விட்டது. காவல் காக்கும் வேலை மட்டும் மிச்சம். ஊரே திட்டித் தீர்த்த அந்த மனிதர் காலை பத்து மணிக்கு வந்து, எந்தக் கோப்பையும் தொடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிப் போனார்.

ஊர் திட்டியதிலும் நியாயம் இருந்தது. ஒரு பல்மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியிலிருந்து லிஃப்ட் அறுந்து விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அந்த லிஃப்டை உடனே நிறுத்த வேண்டும் என்று கீழ்நிலை ஆய்வாளர் ஒருவர் எட்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தார். அறிக்கையின் மூலையில் தலைமை ஆய்வாளர், அலுவலகத்தாருக்கு ‘சீஃப்’, தன் கைப்பட ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பியிருந்தார். அந்த ஒற்றைச் சொல்லைப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் பெரிதாக்கிப் போட்டன.

கோப்பை நகர்த்தவும் மனமில்லை, நிராகரிக்கவும் தைரியமில்லை என்றால் ‘பேசவும்’ என்று எழுதுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். வந்து பேசு என்று அர்த்தம். யாரும் போய்ப் பேச மாட்டார்கள். பேசப் போனால் முடிவெடுக்க வேண்டியிருக்குமே! கோப்பும் செத்ததாகாது, பிழைத்ததாகாது. எல்லோருக்கும் சௌகரியமான ஏற்பாடு, லிஃப்டில் ஏறுகிறவர்களைத் தவிர.

சீஃபின் நாற்காலியை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் நான்கு துணை ஆய்வாளர்கள். முதலாமவர் முதுகுவலி என்று மருத்துவச் சான்றிதழ் அனுப்பினார். இரண்டாமவர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். அந்தக் குழந்தை போன வருஷமே பிறந்து, அதற்கு இனிப்பு சாப்பிட்ட ஞாபகம் தலைமை எழுத்தருக்கு இன்னும் இருந்தது. மூன்றாமவருக்குக் காலில் கட்டு. முதல் கடிதத்தில் வலது கால், அடுத்த கடிதத்தில் இடது கால். எந்தக் காலாயிருந்தால் என்ன, இரண்டும் அலுவலகத்தின் பக்கம் வருவதாயில்லை.

மிஞ்சியவர் நாலாவது துணை ஆய்வாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘நாலு சார்’. அவர் ஒன்றும் மற்றவர்களைவிட வீரர் அல்ல. விடுப்பு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து உட்காரும்வரை, சம்பளத்தோடும் சம்பளமில்லாமலும் இருந்த எல்லா விடுப்பையும் அவர் துடைத்து வழித்து எடுத்துவிட்டார். காய்ச்சல் என்று படுக்கக்கூட இனி அவருக்கு உரிமை கிடையாது.

மனைவி இருந்தது பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரத்தில், வேறொரு ஊரில், ஐந்தாவது மாடி வீட்டில். நாலு சார் இங்கே ஒரு வாடகை அறையில் ஏழு வருஷமாகத் தனி வாசம். அவளோடு இப்போது அவளுடைய தங்கை இருந்தாள். தங்கைக்கும் புருஷன், பிள்ளைகள் உண்டு. மாசக் கடைசியில் கிளம்பிவிடுவாள். அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதற்காக, தெரிந்த அதிகாரி, தெரியாத அதிகாரி எல்லோர் வாசலிலும் நின்று, கெஞ்சாத குறையாகக் கெஞ்சி, நாலு சார் அந்த ஊருக்கு ஒரு மாறுதல் ஆணை வாங்கியிருந்தார். இனி, இங்கிருந்து கிளம்பலாம் என்கிற விடுவிப்பு ஆணை ஒன்றுதான் வர வேண்டும்.

அதுவும் வந்திருந்தது. துறைச் செயலரின் மேசைமேல் இருந்தது.

செயலர் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அவருடைய மனைவியின் இடுப்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். குரல் உயர்த்தத் தெரியாத அம்மாள். அப்படிப்பட்டவர்களிடம்தான் தப்பிக்கவே முடியாது. மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, ‘மறு உத்தரவு வரும் வரை’ தலைமை ஆய்வாளர் பொறுப்பை அவர் கவனிக்க வேண்டும் என்ற ஆணை. மற்றது விடுவிப்பு ஆணை. தேதி மட்டும் போடவில்லை.

“ரெண்டே வாரம்தான். புது ஆளைத் தேடிக்கிட்டிருக்கோம். அவர் வந்ததும் இதுல தேதி போட்டுத் தர்றேன். மாசக் கடைசியில உங்க வீட்டுல இருப்பீங்க.”

“நிறுத்தச் சொல்லி வந்த ஃபைல் நாப்பத்தொண்ணு இருக்காம் மேடம்.”

“இருக்கட்டும். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். ஏற்கெனவே பேர் கெட்டுக் கிடக்கு, இப்பப் போய் ஒவ்வொண்ணா நிறுத்தினா எல்லாத்தையும் நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். புதுசா வர்றவர் பாத்துக்குவார். நீங்க எதையும் ஓட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.”

“அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மேடம்.”

செயலர் சிரித்தார். நல்ல சிரிப்பு. “பொறுப்பு வேண்டாம்னா சொல்லிடுங்க, வற்புறுத்தலை. ஆனா ஆள் இல்லாதப்ப உங்களையும் விடுவிக்க முடியாதே. இந்தப் பேப்பர் என் டிராயர்லயே இருக்கும்.”

வாங்கினாலும் மாட்டிக்கொள்ள வேண்டும், வாங்காவிட்டாலும் மாட்டிக்கொள்ள வேண்டும். வாங்கினால் இரண்டு வாரம், வாங்காவிட்டால் எத்தனை நாளென்று கடவுளுக்கே தெரியாது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு நாலு சார் எழுந்தார்.

அலுவலகம் ஏழாவது மாடியில். நாலு சார் படியேறித்தான் போனார். அந்தத் துறையில் யாருமே லிஃப்டில் ஏற மாட்டார்கள். சமையல்காரர் தன் கடையில் சாப்பிடாத மாதிரிதான் இதுவும். மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால் அவர் துறைக்காரர், வியர்க்காமல் வந்தால் மனு கொடுக்க வந்தவர் என்று வாசலில் இருக்கிற காவலாளிக்கே கணக்கு.

சீஃப் ஜன்னல் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். பதினோரு நாளில் பத்து வயது கூடியிருந்தது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைத் தலைமை எழுத்தர் தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்: மேசை ஒன்று, நாற்காலி ஆறு, இரும்பு அலமாரி இரண்டு, சாவி நான்கு, ஈய முத்திரை அடிக்கும் கருவி ஒன்று. பதினேழாவது வரிசையில், நிலுவைக் கோப்புகள் நாற்பத்தொன்று.

“நாப்பத்திரண்டா இருந்துச்சு” என்றார் சீஃப். “ஒண்ணு தானா முடிஞ்சிடுச்சு.”

அந்த மனிதர்மேல் நாலு சாருக்குக் கோபம் இருந்தது. பதினோரு நாளாகப் பத்திரிகை படித்துப் படித்து வளர்த்த கோபம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கையில் அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது.

“உங்ககிட்ட எத்தனை நாள்னு சொன்னாங்க?”

“ரெண்டு வாரம் சார்.”

“எனக்கும் ரெண்டு வாரம்னுதான் சொன்னாங்க. அது ஆச்சு ஆறு வருஷம். நான் பதவி உயர்வுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். எதையும் தொடாதீங்க, புதுசா வர்றவர் பாத்துக்குவார்னாங்க. நான்தான் அந்தப் புதுசா வர்றவர்னு எனக்குப் புரியறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு.”

அலமாரியைத் திறந்து கோப்புக் கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலு சார் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இரண்டாவதை, மூன்றாவதைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மூலையில் ‘பேசவும்’. அதன் கீழே, கோப்பு கீழே இறங்கிய வழியில், துணை ஆய்வாளர்களின் சுருக்கொப்பம். பன்னிரண்டு கோப்புகளில் இருந்தது அவருடைய சுருக்கொப்பம்தான். பார்த்ததற்கு அடையாளமாகப் போட்டது. சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையால் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே இன்னொரு கையால் போட்டது. அவரும் போய்ப் பேசவில்லை. முகம் சுட்டது. அந்த நாற்பத்திரண்டாவது கோப்பு தன் பக்கம் வராமல் வேறொரு துணை ஆய்வாளரின் பக்கம் போனது வெறும் அதிர்ஷ்டம்தான், வேறு எந்த யோக்கியதையும் இல்லை என்று அவருக்கு அப்போது உறைத்தது.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இருபத்தொம்பதைப் பாத்துடுங்க” என்றார் சீஃப். “பாக்காம போட வச்சேன்னு இருக்கக் கூடாது.”

இருபத்தொன்பதாவது கோப்பின் மேலட்டையில் ஒரு விலாசம் இருந்தது. நாலு சார் வாரா வாரம் கடிதத்தில் எழுதிய விலாசம் அது. முன்பெல்லாம் கடிதம், இப்போதெல்லாம் மருந்துப் பார்சல். ஏழு மாதத்துக்கு முந்தைய அறிக்கை: ‘இரும்புக் கயிற்றில் பதினோரு இழைகள் அறுந்துள்ளன. பிரேக் தேய்ந்துள்ளது. உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.’ மூலையில் அதே சொல், கீழே மூன்றாவது துணை ஆய்வாளரின் சுருக்கொப்பம்.

மருத்துவமனையிலிருந்து மனைவியை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போன நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கு மட்டும்தான் அவர் அந்த லிஃப்டில் ஏறினார், அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது மாடி தாண்டும்போது ஒரு குலுக்கல், கூடவே உரசுகிற ஒரு சத்தம். தொழில்காரனின் காது அது; கேட்டது. பழைய லிஃப்ட், அப்படித்தான் இருக்கும் என்று மென்று விழுங்கிவிட்டார். அவள் படியேற முடியாதே, வேறென்ன செய்வது.

“இப்பவே அவளுக்குப் போன் பண்ணி ஏறாதேன்னு சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. நானும் என் வீட்டுல சொன்னேன். எந்தெந்தக் கட்டடத்துக்குப் போகக் கூடாதுன்னு என் பொண்டாட்டிக்கு ஒரு லிஸ்டே எழுதிக் கொடுத்திருந்தேன்.” சீஃப் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “அந்த மூணு பேர் வீட்டுக்கு லிஸ்ட் போகலை.”

நாலு சார் கையெழுத்துப் போட்டார். இன்னார் ஒப்படைத்தார், இன்னார் பெற்றுக்கொண்டார், நேரம் காலை பதினொன்று நாற்பது. பெற்றுக்கொள்ளாமல் இருந்தால் அந்த நாற்பத்தொன்றையும் நிறுத்த உலகத்தில் ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது என்பது ஒரு காரணம். செயலரின் டிராயர் இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால் அப்போது அவரால் சொல்லியிருக்க முடியாது.

சீஃப் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விசாரணைக்குப் போகிறவர், நாளைக்கே கைதாகலாம். ஆனால் படியில் இறங்குகிற சத்தம் வேகமாகவும் லேசாகவும் கேட்டது. நாலு சாருக்கு அந்தக் காலடிகள்மேல் வந்தது சுத்தமான பொறாமை.

அறையில் அவர் மட்டும். நாற்காலியின் இருக்கை நடுவில் குழிந்து, வேறொருவர் உட்கார்ந்த பள்ளமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள், கட்டடங்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பெட்டிகள். இரண்டு வாரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும். அவளுக்கு மட்டும் ஒரு போன். யாருக்கும் தெரியாது. பதினாலு நாளில் நாற்பத்தொன்றில் ஒன்று அறுந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. இத்தனை மாதம் அறாமல் ஓடியது, இன்னும் பதினாலு நாள் ஓடாதா? அப்படித்தான் அவர் தன்னோடு பேசிக்கொண்டார். பேசப் பேச, அந்தக் குரல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் குரல் மாதிரியே இருந்தது. அவருக்குப் பயம் வந்தது. தன்னைப் பார்த்தே வந்த பயம்.

மணியடித்துத் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார். “நிறுத்தல் ஆணைப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க.”

“எத்தனை ஆணை சார்?”

“நாப்பத்தொண்ணு.”

தலைமை எழுத்தர் முப்பது வருஷ அனுபவசாலி. ஏன் என்று கேட்கவில்லை. போய் எடுத்துக்கொண்டு வந்தார், போகும்போது கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனார்.

ஆணை சின்னதுதான். கட்டடத்தின் பெயர், காரணம் ஒரு வரி, தேதி, நேரம், கையெழுத்து. கையெழுத்தாக ஆகத் தலைமை எழுத்தர் வந்து வாங்கி அனுப்பிவிடுவார்; ஒரு மணி நேரத்துக்குள் அந்தந்த ஊர் ஆய்வாளர் போய் மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டு, ஈய முத்திரை அடித்துவிடுவார். அதன்பின் கயிறு மாற்றி, மறு ஆய்வு முடியாமல் செயலர் நினைத்தாலும் திறக்க முடியாது. முதல் ஆணை ஒரு மருத்துவமனை. இரண்டாவது ஒரு கடை வளாகம். ஏழாவது, மந்திரியின் மைத்துனர் கட்டிய பதினான்கு மாடி. பதினைந்தாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேசைத் தொலைபேசி அடித்தது.

“என்ன செஞ்சுக்கிட்டிருக்கீங்க?” என்றார் செயலர். குரல் இப்போதும் உயரவில்லை.

“கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன் மேடம்.”

“உங்க பேப்பர் என்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“உங்களை அங்கேருந்து எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது.”

“யாராவது வந்து வாங்கிக்கிட்டா இப்பவே கொடுத்துடறேன் மேடம்.”

யார் வருவார்கள் என்பதற்குப் பதில் இரண்டு பேருக்குமே தெரியும். முதுகுவலிக்காரரோ பிரசவக்காரரோ, எந்தக் காலென்று தெரியாத கட்டுக்காரரோ, இனி இந்த ஜன்மத்தில் வர மாட்டார்கள். நாற்பத்தொரு கட்டடக்காரர்களின் சாபத்தோடு சேர்த்து இந்த நாற்காலியை வாங்கிக்கொள்ள எந்தப் பைத்தியக்காரனும் கிடைக்க மாட்டான். நாலு சாரை அவர்களால் நீக்கவும் முடியாது, அவராக விட்டுப் போகவும் முடியாது. செயலர் தொலைபேசியை வைத்தார். நாலு சார் பதினைந்தாவதை முடித்தார்.

இருபத்தெட்டு வரை கை ஓடியது. இருபத்தொன்பதில் நின்றுவிட்டது.

அதைத் தள்ளிவைத்துவிட்டு முப்பதிலிருந்து நாற்பத்தொன்று வரை எழுதினார். திரும்ப வந்தபோதும் அது அங்கேயேதான் கிடந்தது. மணி ஒன்று பத்து. அவள் தினமும் பன்னிரண்டுக்குத் தங்கையோடு கீழே இறங்குவாள். கட்டடத்தைச் சுற்றி நடைக்கோலோடு இரண்டு சுற்று, வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் வெயில். நாள் முழுக்க வீட்டுக்குள் கிடக்கிறவளுக்கு அதுதான் வெளியுலகம். பத்து நாளைக்கு முன் போனில் மூன்று சுற்று நடந்ததாகச் சொன்னபோது, குழந்தை மாதிரி இருந்தது அவள் குரல்.

செல்போனை எடுத்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் எடுத்ததும்.

“கீழ போயிட்டு வந்துட்டியா?”

“எங்க போனேன்? தங்கச்சி பேங்க்குக்குப் போயிருக்கா. அவ வந்ததும் போகணும். இன்னிக்கு நாலு சுத்து நடந்து காட்டறேன்னு பந்தயம் கட்டியிருக்கேன்.”

“போகாதே. அந்த லிஃப்டை நிறுத்தப் போறேன்.”

“நீங்களா?”

“நான்தான். கயிறு சரியில்லை. எப்ப வேணா அறுந்துடும்.”

“எத்தனை நாளைக்கு?”

“கட்டடக்காரன் கயிறு மாத்தற வரைக்கும். மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்.”

அவள் முட்டாள் அல்ல. லிஃப்டை நிறுத்தும் கையெழுத்தை யார் போடுவார்கள் என்று முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியும்.

“எங்கேருந்து பேசறீங்க?”

“சீஃப் ரூம்லேருந்து.”

“அப்ப மாசக் கடைசிக்கு வர மாட்டீங்க.”

“வர முடியாது. எப்ப வர முடியும்னும் தெரியலை. ஏறாம இருந்துக்கோன்னு உன்கிட்ட மட்டும் சொல்லிட்டு இதைச் சும்மா விட்டுடலாமான்னு பாத்தேன். பன்னிரண்டு மாசமா படுத்திருந்தவளை நானே மேல வச்சுப் பூட்டற மாதிரி இருக்கு.”

“மூணாவது மாடி டீச்சர் ரெட்டைப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரெண்டரை மணிக்கு ஸ்கூல்லேருந்து வருவாங்க” என்றாள் அவள். “அதுக்குள்ள ஆள் வந்துடுவாங்களா?”

“வந்துடுவாங்க.”

“சரி.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும். “நிறுத்தறதுக்கு முன்னாடி நான் ஒரே ஒரு தடவை கீழ போயிட்டு வந்துடட்டுமா? சுத்தெல்லாம் வேண்டாம். அந்த பெஞ்சுல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வந்துடறேன்.”

பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். பதினோரு இழை. ஏழு மாதத்துக்கு முந்தைய பதினோரு இழை. அவர் அழுதார். அழுவது கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்தார்.

“வேண்டாம்மா.”

அந்தப் பக்கம் நடைக்கோலின் சத்தம் கேட்டது. நாலு தட்டு, ஐந்து தட்டு. எங்கே போகிறாளோ என்று அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு ஒரு தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

“கதவைச் சாத்திட்டேன்” என்றாள். “உள்ளதான் இருக்கேன். நீங்க கையெழுத்துப் போடுங்க.”